இருபத்திரண்டு திரைகளும் ஒரு சாப்பும்

பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கடல்காற்று இடது கன்னத்தில்தான் அடிக்கும். போகும்போதும் இடது, திரும்பும்போதும் இடது; மோட்டார் தடம் இரு திசையிலும் கடலோரமாக இடப்பக்கம்தான். பத்தொன்பது வருடமாக இந்தப் பாலத்தில் போய் வருகிறேன். என் வலது கன்னத்துக்குக் கடல் என்றால் என்னவென்றே தெரியாது.

தீவில், சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால் தாண்டி, செம்பனை வரிசைகளுக்கு நடுவே ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில். ஆசிரியர் வேலை இல்லை, அலுவலக எழுத்தர். தோட்டத்துப் பேச்சில் அதற்குப் பெயர் கிராணி. பிள்ளைகளுக்கு நான் கிராணி சார். வருகிற கடிதம், போகிற கடிதம், லீவு ஃபாரம், புத்தக அறைச் சாவி, பள்ளியின் சாப்பு என்று எல்லாம் என் மேசையில்தான். சாப்பு என்றால் முத்திரை. பள்ளிப் பெயர் செதுக்கிய ரப்பர், ஊதா மை, மேலே ஒரு மரப்பிடி. நாள் முழுக்கப் படபடக்கும் காகிதங்களின் தலையில் ஒவ்வொன்றாகக் குட்டி உட்கார வைப்பதுதான் என் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். நடுநடுவே ஜன்னல் வழியாகச் செம்பனை ஓலைகளைப் பார்த்து இரண்டு வரி எழுதுவேன். தலைமையாசிரியை உள்ளே வந்தால் அது வரவுப் பதிவேடு ஆகிவிடும்.

அந்த வருடத்தின் கடைசித் தவணையில் ஒரு நிறுவனம் எங்களுக்கு இருபத்திரண்டு டேப்லட்டுகள் தந்தது. நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒன்று. ஒரு தவணை முழுக்கப் பாடநூலே இல்லாமல், திரையிலேயே படிப்பு. அரைகுறையாகச் செய்தால் சோதனையே இல்லை என்று சொல்லி, இருந்த பாடநூல்களையெல்லாம் கட்டி அறையில் வைக்கச் சொன்னார்கள். நானே கட்டினேன், நானே பூட்டினேன். சாவி என் மோட்டார் சாவியோடு ஒரே வளையத்தில் கிலுகிலுத்தபடி தினமும் கடல் தாண்டியது.

தவணை முடிவில் ஓர் அதிகாரி வருவார். ஒரு பாடம் நடப்பதை நேரில் பார்ப்பார். படிவம் நிரப்புவார். பிடித்திருந்தால் டேப்லட்டுகள் பள்ளியிலேயே தங்கும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்து நிற்கிற பள்ளிக்குப் போய்விடும். நிபந்தனை இவ்வளவுதான்.

இதற்கு முன் நடந்த பெற்றோர் கூட்டத்தைச் சொல்லாவிட்டால் கதை நொண்டும். வந்திருந்த அத்தனை அம்மாக்களும் கண் போய்விடும் என்றார்கள். அத்தனை அப்பாக்களும் கேம் விளையாடுவான்கள் என்றார்கள். ஒரு தாத்தா மட்டும் இதில் நாடகம் வருமா என்று கேட்டார், வரும் என்றதும் ஆதரவு தெரிவித்தார். எல்லோரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி. எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர். எழுந்து நின்று, மாதிரிக்கு வந்த ஒரு டேப்லட்டைக் கையில் எடை பார்ப்பது போலப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“அண்ணே, இதுக்குள்ள என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்லா. ஃபேக்டரியில நான்தான் ஒட்டறேன். இத நம்பி புள்ளைய விடறதா?”

ஒட்டுகிறவரே நம்பவில்லையென்றால் வாங்குகிறவன் என்ன செய்வான்? ஆனாலும் தலைமையாசிரியை ஒரு தவணைதானே என்று சமாளித்து வைத்தார்.

தலைவியின் மகள் ஐந்தாம் ஆண்டில் படித்தாள். பிறக்கும்போதே பார்வை மங்கல். கண்ணாடி போட்டும் பாதிதான் தெளியும். அவள் புத்தகம் படிப்பதைப் பார்த்தால் மல்லிகையை முகர்வது போல இருக்கும், மூக்கு நுனி வரியை ஒட்டிக்கொண்டு நகரும். மதியத்துக்குள் மூக்கில் பென்சில் கரி ஏறிவிடும். அவளைப் பூனை என்று கூப்பிட்ட பயல்களை அவள் என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பதை அச்சில் எழுத முடியாது.

டேப்லட் வந்த முதல் நாள், வகுப்பு ஆசிரியை எல்லோரையும் ஒரு பக்கம் திறக்கச் சொன்னார். அவள் இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தாள். எழுத்து பெரிதானது. இன்னும் விரித்தாள். ஒரு ‘ழ’ திரை முழுக்க நின்றது, வாலைச் சுருட்டிக்கொண்டு, வாசலில் படுத்த நாய் மாதிரி. அவள் மெதுவாக முதுகை நாற்காலியில் சாய்த்தாள். ஐந்து வருடமாக அந்தப் பள்ளியில் அவள் முதுகு நாற்காலியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து வேவு பார்க்க வந்திருந்த தலைவி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அடுத்த கூட்டத்தில் யாரோ கண் போய்விடும் என்று ஆரம்பித்தபோது, “இருக்கட்டும், உக்காருங்க” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்.

பெரிய எழுத்துக்கும் பளிச்சென்ற வெளிச்சத்துக்கும் அவள் டேப்லட்டின் பேட்டரி மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் தீரும். அதனால் ஓய்வு நேரத்தில் என் அறைக்கு வருவாள். மின்செருகும் இடம் என் மேசைக்குக் கீழே. நான் காலை நகர்த்த வேண்டும்.

“கிராணி சார், கொஞ்சம் கரண்டு குடுங்க.”

ஊற்றித் தருகிற பொருள் போலக் கேட்பாள். ஏறுகிற வரை நிற்பாள், பேசுவாள். ஒரு நாள், அதிகாரி வந்து பிடிக்கவில்லை என்று சொன்னால் இதை எடுத்துப் போய்விடுவார்களா என்று கேட்டாள். அதெல்லாம் போகாது என்றேன்.

“நீங்க எதக் கேட்டாலும் போகாதுன்னுதான் சொல்றீங்க. கேண்டீன் ஃபேன் போகாதுன்னு சொன்னீங்க. போயிருச்சி.”

அன்றிலிருந்து என் மனத்தில் அது வெறும் சோதனைத் திட்டமாக இல்லை. வராண்டாவில் அவள் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அது எங்கே சாய்கிறது என்று கண் தானாகத் தேடியது.

சொதப்பியவன் நான். அதை ஒளிக்கப் போவதில்லை.

அதிகாரி எந்த நாளில் வரலாம் என்று அந்த நிறுவனத்திலிருந்து போனில் கேட்டார்கள். ஆசிரியைக்கோ பெற்றோருக்கோ முன்கூட்டித் தெரியக் கூடாதாம், இயல்பாக நடக்கிற பாடத்தைத்தான் பார்க்க வேண்டுமாம். தலைமையாசிரியை கெப்பாலா பத்தாஸில் மூன்று நாள் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எந்த நாளை வேண்டுமானாலும் கொடு தம்பி, கலைமகள் விழா அன்றைக்கு மட்டும் கொடுத்துவிடாதே, அன்றைக்கு ஒருத்தரும் புத்தகம் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நவராத்திரியில் அந்த ஒரு நாள் புத்தகங்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலைப் பூசை முடிந்து கையில் எடுத்துக் கொடுக்கும்வரை படிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. பிள்ளைகள் முழு பக்தியோடு கடைப்பிடிக்கிற ஒரே விரதம்.

வீட்டுச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த காலண்டர் தொங்கியது. சரஸ்வதி பூசை வியாழன் என்று போட்டிருந்தது. அப்படியானால் புதன் பத்திரம். புதன் என்று சொல்லிவிட்டேன்.

தமிழனுக்குப் பஞ்சாங்கம் இரண்டு என்பது எனக்குத் தெரியாததா? இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத வருடத்தில் ஒரு கோயிலில் இன்று, இன்னொரு கோயிலில் நாளை. நகரத்துக் காலண்டர் ஒன்றைப் பார்த்தது. தோட்டத்துக் கோயில் ஐயர் மற்றதைப் பார்த்தார். புதன்கிழமை பூசை என்று அவர் அறிவித்த செய்தி பெற்றோர் வாட்ஸாப் குழுவில் வந்திருக்கிறது. நான் அந்தக் குழுவில் இல்லை. தினமும் விடியற்காலை பூங்கொத்தும் காலை வணக்கமும் வந்து விழுகின்றன என்று இரண்டு மாதம் முன்பு கோபித்துக்கொண்டு வெளியேறியிருந்தேன். ரசனை உள்ள மனிதன் இல்லையா.

புதன் காலை ஏழே கால். பள்ளி வாசலில் மாவிலைத் தோரணம். கொண்டைக்கடலை வேகிற வாசனை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே மண்டபத்துக்கு ஓடினேன்.

மண்டபத்து மேடையில் கலைமகள் படம், பெரிய சாமந்தி மாலை. படத்துக்கு முன்னால் வாழை இலைகளை நீளமாகப் போட்டு, அதன்மேல் வரிசையாக டேப்லட்டுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். நெற்றி என்று அவர்கள் முடிவு செய்த இடம் கேமரா. மூடி வைத்தால் சாமி எப்படிப் படிக்கும் என்று பிள்ளைகள் எல்லாவற்றையும் பாடம் திறந்தபடி வைத்திருந்தார்கள். ஊதுவத்திப் புகைக்குள் இருபத்தொரு திரைகள் ஒளிர்ந்தன, விளக்கு வரிசைக்குப் போட்டியாக. ஒன்று மட்டும் இருண்டிருந்தது. பக்கவாட்டில் என் மேசைச் சாமான்கள். பேனாக்கள், காகிதம் தைக்கும் ஊசி யந்திரம், கணினி விசைப்பலகை, சாப்பு. விசைப்பலகைக்கு மட்டும் மூன்று இடத்தில் சந்தனம் வைத்திருந்தார்கள், அதிகம் உழைப்பதால் இருக்கலாம்.

தலைவி கற்பூரத் தட்டோடு வந்தார். புத்தகங்களைத்தானே வைப்பது வழக்கம் என்று இழுத்தேன்.

“சாவி உங்ககிட்டதானண்ணே இருக்கு, ஆறு மணிக்கு வந்து எங்க எடுக்கறது? புள்ளைங்க இதுலதானே படிக்குதுங்க. அப்ப இதான் புக்கு.”

மறுக்க முடியாத வாதம். ஒரு தவணையாக நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானே. நம்ப வைக்கப் பாடுபட்டோம், நம்பிவிட்டார்கள்.

பத்து மணிக்கு அதிகாரி வருகிறார் என்பதை அப்போதுதான் சொன்னேன். தலைவி தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். இன்றைக்கா என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். திட்டவில்லை. சுண்டல் வரிசையில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

பயிற்சி முடித்து அன்றுதான் திரும்பிய தலைமையாசிரியை விஷயத்தைக் கேட்டு, நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நிறுவனத்துக்குப் போன் போட்டோம். அதிகாரி காலையிலேயே கிளம்பிவிட்டாராம். வேறு நாள் கிடையாதாம், அந்த வாரத்துக்குள் படிவம் போய்ச் சேர வேண்டுமாம். மூன்று பேரும் மேடை ஓரத்தில் நின்று குசுகுசுத்தோம். எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம், நாலைந்தை மட்டும் அரை மணி நேரத்துக்கு எடுத்து, பாடத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். சாமி கோபித்துக்கொள்ளாது, படிப்புச் சாமிதானே என்றேன். தலைமையாசிரியைகூடக் கொஞ்சம் இளகினார். தலைவிதான் முடியாது என்று தலையசைத்தார்.

“காலையில அத்தன புள்ளைக்கும் தொடாதன்னு நான்தான் சொன்னேன். இப்ப என் புள்ளைக்கு வேணும்னதும் தொடலாம்னு சொன்னா, நாளைக்கு எந்தப் புள்ள என் பேச்சக் கேக்கும்?”

ஆனால் அவர்கள் இருவரும் நகர்ந்ததும், யாரும் பார்க்காதபோது, நானே ஒன்றை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். சாமி விஷயத்தில் நான் சுமாரான ஆள். கோயிலுக்குப் போனால் கும்பிடுவேன், போகாவிட்டால் மறந்துவிடுவேன். என் மூளை எடு என்றது. கை சந்தனப் பொட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. ஐம்பது வயதுக் கை, என்னைக் கேட்காமல், எப்போதோ யாரோ தொடாதே என்று சொன்னதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு குரல்.

“இந்தக் கறுப்பா இருக்கறது என்னோடது சார். நான் ஆஃப் பண்ணிட்டுத்தான் வெச்சேன். சும்மாவே பேட்டரி நிக்காது.”

சரி சரி என்று கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அவள் வாயில் சுண்டல் இருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி, வெளிர்நீலத் தலைத்துணி, கையில் கோப்பு. எல்லோரும் ‘புவான்’ என்று மரியாதையாக வரவேற்றோம். டேப்லட்டுகள் எங்கே என்று கேட்டார். பதற்றத்தில் என் மலாய் கவிழ்ந்தது. அவை இப்போது கடவுளிடம் இருக்கின்றன என்று சொல்லிவிட்டேன். புவானின் முகம் வாடியது. எப்போதிலிருந்து என்று இரக்கத்தோடு கேட்டார்.

மேடைக்கு அழைத்துப் போனபிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. வெகு நேரம் நின்று பார்த்தார். ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எடுத்துக்கொண்டார். நாளைக் காலைவரை தொடமாட்டோம் என்று தலைமையாசிரியை விளக்கியதை மரியாதையாகக் கேட்டார். அப்படியானால் இன்று பாடப் புத்தகத்தை வைத்தாவது நடத்துவீர்களா என்று கேட்டார். புத்தகமும் தொடக்கூடாது. எழுதவாவது? எழுதவும் கூடாது. பிள்ளைகள் இன்று என்னதான் செய்வார்கள்? ஒரு பயல் முன்னால் வந்து, சாப்பிடுவோம், விளையாடுவோம், பிறகு மறுபடியும் சாப்பிடுவோம் என்று நல்ல மலாயில் சொன்னான். அவர் சிரித்தார். சுண்டலும் கொடுத்தோம். தேங்காய்ப் பூவை ஓரமாக ஒதுக்காமல் சாப்பிட்டார். நல்ல மனுஷி என்று எனக்குத் தோன்றியது, அதனாலேயே பயமாகவும் இருந்தது. நல்லவர்கள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவார்கள்.

அப்படித்தான் எழுதினார். என் மேசையில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்து, பாடம் நடைபெற்றதா என்ற கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். வருத்தம்தான், ஆனால் நடக்காததை நடந்ததாகப் போட முடியாது என்றார். கதவோரம் தலைவி நின்றிருந்தார். அவர் இடுப்பை ஒட்டி மகள். இரண்டு பேருக்கும் மலாய் தெரியும். யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

புவான் படிவத்தை என் பக்கம் திருப்பினார். இங்கே கையெழுத்து, இங்கே சாப்பு.

பழக்கத்தில் என் கை சாப்பு இருக்கும் இடத்துக்குப் போனது. வெற்று மேசை. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் தலைவியைப் பார்த்தேன். தலைவி மண்டபத்துப் பக்கம் பார்த்தார்.

“சாப்பும் சாமிகிட்டதான் இருக்கு” என்றார், மலாயில், கொஞ்சம் குற்றவுணர்ச்சியோடு. “நான்தான் எடுத்து வெச்சேன்.”

இந்த நாட்டில் உத்தியோகம் பார்த்த எவருக்கும் அந்த நொடியின் கனம் புரியும். கையெழுத்து தவறிப் போகலாம், தேதி மாறிப் போகலாம், பெயரே தப்பாக இருந்தாலும் திருத்தலாம். சாப்பு இல்லாத காகிதத்தை எந்தக் கவுண்டரிலும் யாரும் கையில் வாங்கமாட்டார்கள். சாப்பு விழாத சம்பவம் நடக்காத சம்பவம்.

புவான் பேனாவை மூடினார். சாப்பு இல்லாமல் இதைக் கொண்டுபோனால் நிறுவனத்தில் என்னையே திருப்பி அனுப்புவார்கள் என்றார். படிவத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தைத் தலைமையாசிரியைக்குக் காட்டினார். வருகைத் தேதியும் சாப்பு வைக்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியானால், என்று நிறுத்தினார். அவர் உதடு கோணியது, சிரிப்பை மடித்து வைப்பது போல. அப்படியானால் நான் இன்று இங்கே வரவே இல்லை. படிவத்தை இரண்டாகக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நாளை காலை ஏழே முக்காலுக்கு வருகிறேன், ஒன்பதுக்கு நான் வேறு ஊரில் இருக்க வேண்டும், அதற்குள் பாடத்தைக் காட்டுங்கள் என்றார். வராதவருக்கு இன்னொரு பொட்டலம் சுண்டல் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

வியாழன் காலை என் வீட்டில் சரஸ்வதி பூசை. மனைவி என் பேனா, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டாள். பள்ளிக்கு வேண்டும், அங்கே நேற்றே பூசை முடிந்துவிட்டது என்றேன். ஊருக்கு ஒரு சரஸ்வதியா என்று என்னிடமே திருப்பிக் கேட்டாள். பேனா இல்லாமல் பாலம் ஏறினேன். மழை வேறு தூறியது.

நான் போய்ச் சேர்ந்தபோது தலைவி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார், ஃபேக்டரிச் சீருடையோடு. காலைப் பூசை முடிந்தது. பெயர் கூப்பிட்டு ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் டேப்லட்டை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிறகு பொத்தானை அமுக்கினார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினார்கள்.

பாடத்தின் நடுவே இருண்டுபோகக் கூடாதென்று வகுப்பு ஆசிரியை அத்தனை திரைகளையும் அணையாதபடி அமைத்து வைத்திருந்தார். கலைமகள் நேற்று முழுக்கப் படித்திருக்கிறாள், பேட்டரியின் கடைசிச் சொட்டுவரை. சாமி இவ்வளவு படிக்கும்னு யாருக்குத் தெரியும் என்று ஒருவன் முணுமுணுத்தான். டேப்லட்டுகளோடு நிறுவனம் தந்திருந்த மின்ஏற்றும் அலமாரிக்கு ஓடினோம். அதில் செருகி உயிர் வரக் குறைந்தது ஒரு மணி நேரம். வாசலில் புவானின் கார் வந்து நின்றது. ஏழு நாற்பத்து மூன்று.

“என்னோடது இருக்கு” என்றாள் தலைவியின் மகள்.

திரை வெளிச்சம் அவள் தாடையில் பட்டது. கேமராவில் இருந்த குங்குமத்தைப் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியைக்குத் தயக்கம். ஐந்தாம் ஆண்டில் எட்டுப் பிள்ளைகள், ஒரே ஒரு திரை, அதுவும் ஒரு தடவைக்கு நாலு எழுத்து மட்டும் காட்டுகிற திரை. வேறு வழி? மேசைகளைத் தள்ளிவிட்டு எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். கடலாமை கரையேறி முட்டையிடுவதைப் பற்றிய பாடம். அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டு படித்தாள். விரல் திரையில் துணி தேய்ப்பது போல இடவலமாக ஓடியது. ஆமை பாதி வந்து நின்றது, விரல் இழுக்க மீதி வந்தது. பின்னால் நின்றவர்கள், ஏய் மெதுவா தள்ளு, ஆமையே இவ்வளவு வேகமாப் போகாது என்றார்கள். அவள் திரும்பாமலே, ஒன்ன மாதிரி எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்றியா என்றாள். ஆசிரியை கேள்வி கேட்டார். பதில் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. ஆமை ஏன் அழுகிறது என்பதில் பெரிய சண்டை. இருபத்திரண்டு திரை இருந்த நாள்களில் அந்த வகுப்பில் அவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை.

பாடம் முடிந்ததும் புவான் அவளிடம் கேட்டார், எப்போதும் இவ்வளவு பெரிதாகத்தான் வைப்பாயா என்று. ஆமாம், இதைவிடச் சின்னதாக வைத்தால் எறும்பு போவது மாதிரி இருக்கும் என்றாள். புவான் என்னிடம் பழைய பாடநூல் ஒன்று கேட்டார். அறையைத் திறந்து எடுத்து வந்தேன். அதே ஆமைப் பாடம். அவள் புத்தகத்தை வாங்கி முகத்தோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு வரி படித்தாள். ஆமை கரையேறவில்லை, கழுத்தை மட்டும் நீட்டியது. போதும் கண்ணு என்று புவான் புத்தகத்தை வாங்கி மூடினார்.

என் மேசையில் உட்கார்ந்து புதுப் படிவத்தை வெகுநேரம் நிரப்பினார். கையால் மறைத்துக்கொண்டே எழுதினார். முடிவு கடிதத்தில்தான் வரும், இப்போது சொல்வதற்கில்லை என்றார். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். மேடையிலிருந்து வந்த சாப்பின் பள்ளங்களில் சந்தனம் உலர்ந்திருந்தது. ஊசியால் குடைந்து எடுத்துவிட்டு ஓங்கிக் குத்தினேன். பள்ளிப் பெயரில் ஓர் எழுத்து விழவில்லை, பரவாயில்லை என்றார். மை காயட்டும் என்று படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டுத் தலைமையாசிரியையோடு தேநீருக்குப் போனார்.

நானும் அந்தப் படிவமும் தனியாக இருந்தோம். தலைகீழாகக் கிடந்தது. பத்தொன்பது வருட உத்தியோக கௌரவம் என்னைக் குனிய விடவில்லை. கழுத்தை மட்டும் கொஞ்சம் வளைத்துப் பார்த்தேன். படிக்கவே முடியாத பொடி எழுத்து.

அப்போது தலைவியின் மகள் கரண்டு தேடி வந்தாள். நான் காலை நகர்த்தினேன். அவள் குனியவில்லை. டேப்லட்டைத் தூக்கிப் படிவத்துக்கு மேலே பிடித்து ஒரு படம் எடுத்தாள். நான் தடுப்பதற்குள் இரண்டு விரலை விரித்துவிட்டாள். புவானின் பொடி எழுத்து எருமை எருமையாக வந்து நின்றது. கையெழுத்தைக் கூட்டிக் கூட்டி மலாயில் படித்தாள். பிறகு, எனக்குப் புரியாதோ என்ற சந்தேகத்தில் தமிழிலும் சொன்னாள்.

“இந்தப் பள்ளியிலயே இருக்கட்டும்னு போட்டிருக்கு சார். அடியில கோடு கிழிச்சிருக்காங்க.”

வாசலில் யாரோ தொப்பென்று உட்கார்ந்த சத்தம். தலைவிதான். இரவெல்லாம் நின்று வேலை பார்த்த கால். படியில் உட்கார்ந்து, சீருடைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தொண்டையைச் சரிசெய்தேன். அதற்குள் அவள் படத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, இன்னும் பெரிதாக்கினாள்.

“இது யாரு சார் கையெழுத்து? புழு செத்துக் கெடக்கற மாதிரி இருக்கு.”

அதிகாரியின் படிவத்தைப் படம் எடுப்பது பெரிய தப்பு, உடனே அழித்துவிடு என்று கண்டிப்பாகச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். அம்மா ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்றாள். திரையைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போய், கோடு கிழித்த இடம் வரும்வரை விரலால் தள்ளி, தொப்பியின் மேல் வைத்தாள்.